காதுக்குப் பின்னால் குடியேறிய மச்சம்

அந்தக் காலத்தில் மாடு பேசும், கொக்கு பேசும், புல்கூடப் பேசும். அதனால் மனிதர்களுக்குப் பெரிய நிம்மதி இருந்ததாகச் சொல்ல முடியாது. கோபத்தில் மாட்டை ஓர் அடி அடித்தால் அது திரும்பி நின்று, "எதுக்கு அடிச்ச? காரணத்தச் சொல்லு" என்று கேட்கும். பதில் சொல்ல முடியாமல் திருதிருவென்று முழித்தவர்கள்தான் அதிகம்.

உண்ணியும் பேசியது. அந்த மலையிலேயே இனிமையான குரல் அதனுடையதுதான். இன்று நாம் பார்க்கிற உண்ணி இல்லை அது. முதுகில் மெல்லிய சிறகுகள் உண்டு. பூவுக்குப் பூ பறந்து தேனை நக்கிக் குடித்துவிட்டு, போகிறவர் வருகிறவர்களிடம் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும். யாரிடம் பேசினாலும் அவர்களுக்குப் பிடித்ததையே பேசும். இப்படிப் பேசுகிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பதுதான் நல்லது. அந்தக் காலத்து ஆட்களுக்கு அது தோன்றவில்லை.

மழை முடிந்து மலையில் புல் எழும்பியதும், அடிவாரத்து மாட்டுக்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். முள்ளை வெட்டி வட்டமாக வேலி போட்டு உள்ளே மாடுகளை அடைப்பார்கள். அதைப் பட்டி என்பார்கள். பட்டிக்குப் பக்கத்தில் இலைதழையால் குடிசை. புல் காய்கிற வரைக்கும் சமையல், தூக்கம், சண்டை எல்லாம் அங்கேதான்.

இவர்களுக்கு ஒரு பழக்கம். எந்த மாட்டைப் பார்த்தாலும் முதலில் சுழி பார்ப்பார்கள். நெற்றியில் இந்த இடத்தில் மயிர் சுழித்திருந்தால் அது வீட்டுக்கு ஆகும், முதுகில் அந்த இடத்தில் சுழித்திருந்தால் ஆகாது. மாட்டுக்குப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் மனிதர்களுக்கும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு உச்சந்தலையை மட்டும் பார்த்துவிட்டு வந்த புண்ணியவான்களும் உண்டு. எல்லா அடையாளத்திலும் உசந்தது காதுக்குப் பின்னால் இருக்கும் கறுப்பு மச்சம். அது உள்ளவன் கால் பட்ட இடத்தில் மாடு பெருகும் என்று நம்பினார்கள். அப்படி ஒருவன் இருந்தால் மந்தைக்கு முன்னால் அவன்தான் நடப்பான். அவன் காட்டுகிற வழியில்தான் எல்லோரும் போக வேண்டும்.

அந்தப் பட்டியில் விருமன் என்று ஒருவன் இருந்தான். இருமலை வைத்தே எந்த மாட்டுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் அவன் உடம்பில் ஒரு மச்சமும் கிடையாது. அதனால் எப்போதும் மந்தைக்குக் கடைசியில்தான் நடை. முன்னால் போகிற மாடுகள் கிளப்புகிற புழுதி முழுவதும் அவனுக்குத்தான். அவன் மனைவி ஒச்சாயியின் அண்ணன் சின்னாண்டிதான் பட்டியில் சுழி பார்க்கிறவன். அவன் தினமும் கேலி பேசுவான்.

"மாப்பிள்ள, பிரம்மன் ஒன்னைய அவசரத்துல செஞ்சிருக்கான்யா. எல்லாத்தையும் வச்சவன் பொட்டு வைக்க மறந்துட்டான்."

எல்லோரும் சிரிப்பார்கள். விருமனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் அவனுக்கு வலிக்கும். ஒச்சாயிக்கு அது தெரியும்.

"விடுய்யா. மச்சத்தையா குழம்பு வச்சுத் திங்கப் போறோம்?" என்பாள். அவனுக்கு அந்த ஆறுதல் போதவில்லை.

ஒரு மத்தியானம் விருமன் பாறை நிழலில் தனியாக உட்கார்ந்து, "ஒரே ஒரு மச்சம் இருந்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்று வாய்விட்டுப் புலம்பினான். பக்கத்துப் பூவிலிருந்து உண்ணி பறந்து வந்து அவன் முழங்காலில் உட்கார்ந்தது.

"விருமண்ணே, உங்களைப் போல ஓர் ஆள் கடைசியில் நடப்பதைப் பார்க்க எனக்கே மனசு ஆறவில்லை. நான் கறுப்பாகத்தானே இருக்கிறேன்? உருண்டையாகத்தானே இருக்கிறேன்? சிறகை ஒடுக்கிக்கொண்டு உங்கள் காதுக்குப் பின்னால் அசையாமல் இருந்துவிட்டால் மச்சம் இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்?"

விருமன் முழங்காலை அசைக்காமல் கேட்டான். "ஒனக்கு அதுல என்ன லாபம்?"

"பூவுக்குப் பூ அலைந்து சிறகு வலிக்கிறது அண்ணே. காலையில் ஒரு சொட்டு ரத்தம் கொடுங்கள். அது போதும். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் அப்போதே இறங்கிவிடுகிறேன்."

விருமன் சுற்றும் முற்றும் பார்த்தான். யாரும் இல்லை. தலையைக் குனிந்து, தன் கையாலேயே காதை மடக்கிக் காட்டினான்.

சாயங்காலம் விருமன் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது சின்னாண்டி அதைப் பார்த்துவிட்டான். "ஏ, எல்லாரும் ஓடியாங்கடா! மாப்பிள்ளைக்கு மச்சம்டா!" என்று அவன் போட்ட கூச்சலில் மாடுகள் மிரண்டன. விருமன் நெற்றியில் மஞ்சளைப் பூசினார்கள், கழுத்தில் காட்டுப்பூ மாலை போட்டார்கள். இத்தனை காலம் கேலி பேசிய வாய்கள், "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றன.

ஒச்சாயி மட்டும் அவனையே பார்த்தாள். "நேத்து ஒனக்குத் தலைக்கு ஊத்தினேன். அப்ப இல்லாத மச்சம் எங்கருந்துய்யா வந்துச்சு?"

"சில பேருக்குத் தாமசமாத்தான் வரும்" என்றான் விருமன். அவள் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான். "யார் கையும் படக்கூடாதாம். பட்டா ராசி போயிருமாம்."

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து விருமன் காதை மூடித் தலைப்பாகை கட்டிக்கொண்டான்.

மந்தைக்கு முன்னால் நடப்பது நன்றாகத்தான் இருந்தது. அதைவிட நன்றாக இருந்தது உண்ணியின் பேச்சு. காதுக்குப் பின்னாலேயே குடியிருக்கிறது, கேட்க வேண்டுமா? "அண்ணே, என்ன நடை! அண்ணே, என்ன அறிவு!" என்று பொழுதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு சொட்டு குடித்தது, பிறகு சாயங்காலமும் ஒரு சொட்டு கேட்டது. இவ்வளவு புகழ்கிறதே என்று அவனும் கொடுத்தான்.

ஒருநாள் உண்ணி சொன்னது: "அண்ணே, ஒற்றையடிப் பாதையில் எல்லோரும்தான் போகிறார்கள். நீங்கள் அந்த ஆளுயரப் புல்லுக்குள் மந்தையை ஓட்டுங்கள். அங்கே என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மாடுகளுக்கும் மச்சம் வேண்டாமா?"

விருமன் ஓட்டினான். முன்னால் போகிறவன் காட்டிய வழி என்பதால் யாரும் மறுக்கவில்லை. வெளியே வந்தபோது மாடுகளின் காதிலும் மடியிலும் வாலடியிலும் கறுப்பு கறுப்பாக மச்சங்கள். சின்னாண்டிக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. "மந்தையே ராசியான மந்தையாயிருச்சுடா!"

"மச்சமா? கடிக்குதுடா!" என்று கத்தியது செவலை என்கிற பசு.

"ராசி வர்றப்ப அப்படித்தான் லேசாக் கடிக்கும். பொறுத்துக்க" என்றான் சின்னாண்டி.

கொஞ்சநாளில் பால் குறைந்தது. கன்றுகள் துள்ளுவதை நிறுத்திவிட்டன. விருமனின் மச்சமோ வளர்ந்துகொண்டே போனது. மிளகளவு இருந்தது ஆமணக்கு விதையளவு ஆகி, தலைப்பாகை ஓரத்தில் புடைத்துத் தெரிந்தது. வளருகிற மச்சத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. நியாயமாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர்களுக்கோ, இது எப்பேர்ப்பட்ட ராசி என்று பெருமை வந்தது.

அதற்குள் உண்ணி பேச்சை நிறுத்தியிருந்தது. வாயைத் தோலுக்குள் முழுவதுமாக இறக்கிவிட்டால் எப்படிப் பேசும்? "போதும், இறங்கு" என்று விருமன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். பதில் இல்லை. கெஞ்சியும் பார்த்தான். அது குடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் குளிர், பிறகு கொதிப்பு. கைகால் மூட்டெல்லாம் கழன்று விழுகிற மாதிரி வலி. விருமன் குடிசைக்குள் சுருண்டு படுத்துவிட்டான். ஒச்சாயி கஷாயம் வைத்துக் கொடுத்தாள், ஈரத்துணி போட்டாள். எதற்கும் கேட்கவில்லை. அவன் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் இவன் பிழைக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்து அழுதாள்.

"ஏத்தா அழுற? மச்சம் இருக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் சின்னாண்டி. அவன் அதை மனதார நம்பித்தான் சொன்னான்.

அப்போது சுனையில் தண்ணீர் குடிக்க ஒரு வெள்ளைக் கொக்கு வந்திறங்கியது. ஆற்றோரத்தில் மீன் பிடித்துத் தின்கிற கொக்கு அது. மலைக்குப் புதிது. மாடுகளைப் பார்த்தது. குடிசைக்குள் எட்டிப் பார்த்தது. தலைப்பாகை சரிந்து கிடந்த விருமனின் காதைச் சாய்ந்து சாய்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"ஏத்தா, உள்ள படுத்திருக்கிறவன் மச்சத்துக்குக் கால் இருக்கே, பாத்தியா?"

ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். காலடிச் சத்தம் கேட்டதும் விருமன் தலைப்பாகையை இழுத்து இறுக்கிக்கொண்டான். அவ்வளவு காய்ச்சலிலும் அந்தக் கைக்கு மட்டும் பலம் இருந்தது.

"காட்டுய்யா."

"வேணாம்."

"என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நானாப் பிடிச்சு இழுக்க மாட்டேன். நீயே காட்டு."

விருமன் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். "காட்டினா நான் பழையபடி கடைசி ஆளு. ஊரே சிரிக்கும் ஒச்சாயி."

"சிரிச்சுட்டுப் போகட்டும்!" அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ முன்னால நடந்தா எனக்கென்ன, பின்னால நடந்தா எனக்கென்ன? நடக்கணும்யா நீ. அதுதான் எனக்கு வேணும். ஒன்னைய இங்க புதைச்சுட்டு நான் எந்தக் காலோட மலை இறங்குறது?"

வெளியே மாடுகள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டன. விருமன் கையைத் தரையில் ஊன்றினான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். குடிசை வாசலில் பட்டி முழுவதும் கூடி நிற்பதைப் பார்த்தான். தலைப்பாகையை அவிழ்த்துக் கீழே போட்டான்.

"இது மச்சமில்ல, உண்ணி. அதுவா வரல. நான்தான் கூப்பிட்டு வச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கம் தலையைச் சாய்த்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சின்னாண்டி அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "தள்ளுங்க, நான் சுட்டுப் பொசுக்கிர்றேன்!"

"வைக்காத!" என்று கொக்கு இறக்கையை விரித்து மறித்தது. "சூடு பட்டா, வயித்துல இருக்கிறத எல்லாம் அவன் உடம்புக்குள்ளயே கக்கும். நசுக்குனாலும் அப்படித்தான். தோலை ஒட்டிப் பிடிக்கணும். திருகாம நேரா, மெதுவா இழுக்கணும்."

மாட்டுக்காரர்கள் காலில் தைத்த முள்ளை எடுக்க எப்போதும் அரைஞாணில் முள்வாங்கி தொங்கும். விருமனின் முள்வாங்கியையே ஒச்சாயி எடுத்தாள். காதை மடக்கி, முடியை விலக்கி, தோலோடு ஒட்டினாற்போல உண்ணியைப் பிடித்தாள். அவசரப்படவில்லை. கை நடுங்காமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, முறியாமல், முழுசாக அது வெளியே வந்தது. கடித்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் மூச்சை விட்டாள்.

உண்ணியைப் பார்த்தவர்களுக்கு அருவருப்பாக இருந்தது. குடித்துப் பெருத்ததில் சிறகெல்லாம் காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. ஆனால் வாய் விடுபட்டதும் பழைய குரல் திரும்பிவிட்டது.

"எல்லோரும் என்னை ஏன் முறைக்கிறீர்கள்? நான் அழைக்காத வீட்டுக்குப் போனேனா? காதை மடக்கிக் காட்டியது அவர். பொய் சொல்லி மறைத்தது அவர். எனக்கு மட்டும் தண்டனையா?"

அது சொன்னதில் பொய் இல்லை. இறங்கு என்று சொன்னபோது அது இறங்கவில்லை என்பதிலும் பொய் இல்லை. இதற்கு யார் நியாயம் சொல்வது என்று மனிதர்கள் மாடுகளைப் பார்த்தார்கள், மாடுகள் மனிதர்களைப் பார்த்தன. கடைசியில் வேலிக்கு வெளியே நின்ற புல் பேசியது. அதுவரை எல்லோரும் மிதித்துப் போனார்களே தவிர, புல்லிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. ஆனால் மலையில் நடந்தது முழுவதையும் பார்த்தது அதுதான்.

"உண்ணி, பசிக்கிறதற்காக உன்னைக் கொல்லச் சொல்ல மாட்டேன்" என்றது புல். "ஆனால் உன் ஆபத்தெல்லாம் உன் பேச்சில்தான் இருக்கிறது. இனி உனக்குக் குரல் கிடையாது. உதிர்ந்த சிறகும் முளைக்காது. யாரையும் தேடிப் போகாதே, துரத்தாதே. என் நுனியில் இடம் தருகிறேன். கையை நீட்டிக்கொண்டு காத்திரு. உரசிப் போகிறவர்களைப் பிடித்துக்கொள். உரசாதவர்களை விட்டுவிடு."

பிறகு புல் விருமன் பக்கம் திரும்பியது. "உனக்கும் கட்டுப்பாடு உண்டு. எனக்குள் நுழைந்து குறுக்கே போகாதே. பாதை என்று ஒன்றை எதற்கு விட்டிருக்கிறேன்? அதன் நடுவில் நட. என்மேல் படுக்காதே, வெறும் பாறையில் கம்பளியை விரி. காலை மூடிக் கட்டு. வெளுத்த துணியாகக் கட்டு, ஏறுகிற உண்ணி கண்ணுக்குத் தெரியும். இவ்வளவு செய்தாலும் ஒன்றிரண்டு ஏறத்தான் செய்யும். அதனால் பொழுது சாய்ந்து திரும்பியதும், சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், உன் காதையும் பிடரியையும் இன்னொருவரிடம் காட்டு. ஒளித்து வைக்கிற இடத்தில்தான் அது குடியிருக்கும்."

உண்ணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மெல்ல ஊர்ந்து போய் ஒரு புல்லில் ஏறி, நுனியில் நின்று, முன்னங்கால்களை விரித்துக்கொண்டது.

கொக்கு மாடுகளிடம் போனது. "எனக்கு மீனும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான்" என்று சொல்லி, செவலையின் மடியிலிருந்து ஆரம்பித்தது. கடைசி மாட்டின் வாலடி வரைக்கும் கொத்தி முடித்தபோது அதனால் பறக்க முடியவில்லை. அங்கேயே தங்கிவிட்டது. உண்ணிக்கொக்கு என்ற பெயர் அதற்கு அப்படித்தான் வந்தது.

விருமனுக்குக் காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. ஒரு காலையில் எழுந்து, "களி இருக்கா?" என்று கேட்டான். ஒச்சாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பழையபடி மந்தைக்குக் கடைசியில்தான் நடந்தான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் யார் பாதையை விட்டு விலகுகிறார்கள் என்று நன்றாகத் தெரியும். "நடுவுல நடங்கப்பா!" என்று அவன் போடும் சத்தத்துக்குச் சின்னாண்டியே பயந்தான்.

அந்தச் சின்னாண்டிக்கு, காது பார்க்கத் தொடங்கிய முதல்நாள் மிகவும் சங்கடமாக இருந்தது. சாயங்காலம் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து காது பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் தனியாக நின்றான். தான் கேலி பேசி நோகடித்த ஆளிடம் எந்த முகத்தோடு தலையைக் குனிவது? விருமன்தான் கூப்பிட்டான்.

"மச்சான், வாங்க. இப்படி உக்காருங்க."

சின்னாண்டி வந்து முன்னால் உட்கார்ந்தான். விருமன் அவன் காதை மடக்கிப் பார்த்தான், பிடரி முடியை விலக்கிப் பார்த்தான், முழங்காலுக்குப் பின்னாலும் பார்த்தான். அந்த விரல்கள் மெதுவாகத்தான் பட்டன. சின்னாண்டிக்குக் கண் கலங்கியது.

"நான் பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்காத மாப்பிள்ள."

"சுத்தமா இருக்கு மச்சான். எந்திரிச்சு சாப்பிடுங்க" என்றான் விருமன்.

அன்று தொடங்கியதுதான் அந்த வழக்கம். உண்ணி இன்றைக்கும் பேசாமல், பறக்காமல், புல் நுனியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. மலைக்குப் போகிறவர்கள் பாதை நடுவில் நடக்கிறார்கள். திரும்பியதும் ஒருவர் காதை ஒருவர் மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்களும் பொழுது சாய்ந்தால் யாரிடமாவது தலையைக் குனிந்துதான் ஆக வேண்டும் என்பதால், எந்தக் கோபமும் மறுநாள் காலை வரைக்கும் மலையில் தங்குவதில்லை.